பாக்-பைப்பரசீன் முதல்முறை செய்பவருக்கு: இண்டென்ட் போடுவதிலிருந்து என்.எம்.ஆர். கைக்கு வரும் வரை

ஆர்கானிக் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, கொடுக்கும் முதல் வேலைகளில் இது அடிக்கடி வரும். "ஒரு அஞ்சாறு கிராம் பாக்-பைப்பரசீன் போட்டு வைம்மா, அடுத்த ஸ்டெப்புக்கு வேணும்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பாக்-பைப்பரசீன் என்பது இரண்டு நைட்ரஜன் உள்ள பைப்பரசீனில் ஒன்றை மட்டும் மூடி வைத்த பொருள். ஆய்வுக்கட்டுரையைத் திறந்தால் செய்முறை ஐந்தாறு வரிதான் இருக்கும். அந்த ஐந்தாறு வரியில் இல்லாதவைதான் ஆளைப் படுத்தும்: எந்த வடிவ பைப்பரசீனை வாங்குவது, புட்டி வர எத்தனை வாரம் ஆகும், டி.எல்.சி. தட்டில் (கலவையில் உள்ளவற்றைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா தட்டு) ஏன் ஒன்றுமே தெரியவில்லை, கழுவும்போது பொருள் எங்கே போனது. நானும் இதில் நன்றாக அல்லாடியவன். அடுத்து வருபவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வினை நடப்பது ஒரு பகலும் ஓர் இரவும். அதைச் சுற்றியுள்ள காகிதமும் காத்திருப்பும் வாரக்கணக்கு. அதனால் எது அதிகம் தாமதமாகுமோ அதை முதலில் தொடங்க வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்ததுதான்.

1. செய்வதா, வாங்குவதா?

பைப்பரசீன் வளையத்தில் எதிரெதிரே இரண்டு நைட்ரஜன். இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஒன்றில் மட்டும் வினை நடக்க வேண்டுமென்றால் மற்றதை மூடி வைக்க வேண்டும். அந்த மூடிதான் பாக், அதாவது டெர்ட்-பியூட்டாக்சிகார்பனைல் தொகுதி. இப்படி ஒரு பக்கம் மூடிய பைப்பரசீன் மருந்து ஆராய்ச்சியில் அன்றாடம் புழங்கும் சரக்கு. கடையில் தயாராகவே கிடைக்கும். சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உரிய அடையாள எண்) 57260-71-6. இந்த எண்ணைக் கொடுத்து ஒரு கொட்டேஷன் வாங்கிவிட்டுப் பிறகு கைடிடம் பேசுங்கள்.

விலையை ஒப்பிடும்போது மூலப்பொருள் இரண்டின் விலையை மட்டும் கூட்டிப் பார்த்து "நாமே செய்தால் லாபம்" என்று முடிவு கட்டாதீர்கள். கரைப்பான், உலர்த்தும் உப்பு, என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவிச் சோதனை) கட்டணம், கழிவு அகற்றும் செலவு, உங்கள் இரண்டு நாள் எல்லாம் கணக்கில் வரவேண்டும். ஐந்து கிராமுக்குக் குறைவாகத் தேவை, நாளைக்கே வேண்டும் என்றால் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கைப்பழக்கம் வேண்டும், அல்லது வருடம் முழுக்க அடிக்கடி தேவைப்படும், அல்லது பாக்கை ஏற்றும் பொருளான பாக் அன்ஹைட்ரைடு ஏற்கெனவே ஃப்ரிட்ஜில் கிடக்கிறது என்றால் செய்யலாம். "வாங்கலாமே சார்" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பல கைடுகள் அந்தக் கேள்வியை ரசிக்கத்தான் செய்கிறார்கள்.

2. காகித வேலை: இன்றே தொடங்குங்கள்

வாங்க வேண்டியவை இரண்டே இரண்டு. பைப்பரசீன், சி.ஏ.எஸ். எண் 110-85-0. டை-டெர்ட்-பியூட்டைல் டைகார்பனேட், சி.ஏ.எஸ். எண் 24424-99-5. பின்னதைத்தான் எல்லாரும் பாக் அன்ஹைட்ரைடு என்கிறார்கள். இண்டென்ட் படிவத்தில், அதாவது கொள்முதல் கோரிக்கையில், பெயரை மட்டும் எழுதாதீர்கள். எண்ணையும் தூய்மையையும் பொதி அளவையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏனென்றால் முதல் பொறி இங்கேதான் இருக்கிறது. பைப்பரசீன் இரண்டு வடிவில் விற்கும். நீரில்லாதது ஒன்று, மூலக்கூறு எடை 86.14. ஆறு நீர் மூலக்கூறு ஒட்டிய ஹெக்சாஹைட்ரேட் மற்றொன்று, எடை 194.23, சி.ஏ.எஸ். எண் 142-63-2. பெயர்ப்பட்டியில் 'பைப்பரசீன்' என்பது பெரிய எழுத்தில் இருக்கும், ஹெக்சாஹைட்ரேட் என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஹைட்ரேட்டை எடுத்துக்கொண்டு 86.14 போட்டுக் கணக்குப் பார்த்தால், போட வேண்டியதில் பாதிகூடப் போட்டிருக்க மாட்டீர்கள். கிலோ விலையை ஒப்பிடும்போதும் இதே சிக்கல்தான். ஹைட்ரேட் மலிவாகத் தெரியும்; ஆனால் அதில் பாதிக்கு மேல் எடை தண்ணீர். கீழே நான் சொல்லும் முறைக்கு நீரில்லாததுதான் வேண்டும்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கேட்கும் காகிதங்கள் இவை: கைடு கையெழுத்திட்ட இண்டென்ட், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மூன்று கொட்டேஷன், அவற்றை ஒப்பிடும் பட்டியல், எந்தப் புராஜெக்ட்டின் எந்தத் தலைப்பில் செலவு என்ற குறிப்பு. மூன்று கொட்டேஷன் கட்டாயமாகும் தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதைச் சீனியரிடம் கேட்பதைவிடக் கொள்முதல் பிரிவில் நேரில் கேளுங்கள். சீனியர் சொல்வது பெரும்பாலும் அவர் சேர்ந்த காலத்து விதியாக இருக்கும். சில விற்பனையாளர்கள் 'ஆராய்ச்சிக்கு மட்டுமே பயன்படுத்துவோம்' என்று துறையின் லெட்டர்ஹெட்டில் கடிதம் கேட்பார்கள். கைடு ஊரில் இருக்கும்போதே ஒன்று தயாரித்துக் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை:

- ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா, சேர்க்காததா? 18 சதவீதம் மேலே ஏறினால் 1000 ரூபாய் 1180 ஆகும். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலையோடு போய்விட்டது. பழைய கோப்பைப் பார்த்து அந்த விகிதத்தில் இண்டென்ட் போட்டால் தணிக்கைப் பிரிவிலிருந்து திரும்பி வரும்.
- வண்டிக்கூலி, குளிர்பொதிக் கட்டணம் தனியா? பாக் அன்ஹைட்ரைடு குளிரில் இருக்க வேண்டிய பொருள்.
- 'கையிருப்பில் உள்ளது' என்றா, 'நான்கு முதல் ஆறு வாரம்' என்றா? பின்னது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு. அந்த ஆறு வாரம் எட்டு வாரம் ஆவதும் உண்டு.
- கொட்டேஷன் செல்லுபடியாகும் தேதி. உங்கள் கோப்பு நகரும் வேகத்துக்கு முப்பது நாள் போதாமல் போகலாம். நீட்டித்துத் தரச்சொல்லி முதலிலேயே கேளுங்கள்.

நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அதற்குள் பொருளும் வந்து பில்லும் தீர வேண்டும் என்பதால் பிப்ரவரிக்குப் பிறகு போடும் இண்டென்ட் பல இடங்களில் நகராது. ஏப்ரலில் புதிய ஒதுக்கீடு வரும்வரை அலுவலகம் தூங்கும். ஜனவரிக்குள் போட்டுவிடுவது நல்லது. புட்டி வந்ததும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, பட்டியில் வந்த தேதியையும் திறந்த தேதியையும் எழுதுங்கள்.

3. காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டியது

பாதுகாப்புத் தரவுத்தாள் இரண்டையும் இறக்கி, அச்செடுத்து, உண்மையிலேயே படியுங்கள். நோட்டுக்குள் செருகி வைப்பதற்கு மட்டும் அல்ல அது.

பைப்பரசீன் ஒரு காலத்தில் குழந்தைகளுக்குக் குடற்புழு மருந்தாகக் கொடுத்ததுதான், ஆகையால் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். தூள் தோலைப் பொசுக்கும். அதைவிட முக்கியமானது, அது ஒவ்வாமையைத் தூண்டும் பொருள். தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் இரண்டுக்கும்தான். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலும் இழுப்பு வரக்கூடும். ஆஸ்துமா உள்ளவர் கைடிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடை போடும் வேலையை வேறொருவர் செய்யலாம். பாக் அன்ஹைட்ரைடின் ஆவி இன்னும் மோசம். தரவுத்தாளில் 'சுவாசித்தால் உயிருக்கு ஆபத்து' என்ற வகையில் போட்டிருக்கும். ஆகவே இரண்டையும் ஃபியூம் ஹூட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டு) மட்டுமே திறக்க வேண்டும். தராசு வெளியே இருந்தால், மூடிய குடுவையை முதலில் எடை போட்டு, ஹூட்டுக்குள் பொருளைச் சேர்த்து, மூடி, மறுபடி எடை போடுங்கள். சலிப்பான வேலைதான், செய்யுங்கள்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. நாம் வழக்கமாகப் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறையை டைகுளோரோமீத்தேன் (சுருக்கமாக டி.சி.எம்.) ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும். கையுறை மேல் டி.சி.எம். கொட்டினால் உடனே கழற்றி மாற்றுங்கள். 'ஒன்றும் எரியவில்லையே' என்று வேலையைத் தொடராதீர்கள்.

ஆய்வக நோட்டில் வினைச் சமன்பாடு, மோல் கணக்கு, அபாயக் குறிப்பு, கழிவு எங்கே போகும் என்பது எல்லாவற்றையும் முன்பே எழுதிக் கைடின் சுருக்கொப்பத்தை வாங்கிவிடுங்கள். வேறு வேறு குழுக்கள் எழுதிய செய்முறைகள் இரண்டு மூன்றையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் டி.சி.எம்.மில் செய்திருப்பார், ஒருவர் மெத்தனாலில், ஒருவர் தண்ணீரும் டெர்ட்-பியூட்டனாலும் கலந்து. எல்லாமே வேலை செய்யும். ஆனால் ஒன்றின் அளவையும் இன்னொன்றின் கழுவும் முறையையும் கலந்து புதிதாக ஒன்றை உருவாக்க முதல்முறையிலேயே இறங்காதீர்கள்.

என்.எம்.ஆர். வரிசை நீளமாக இருக்கும் வளாகம் என்றால் மாதிரி தயாராகும் முன்பே இடம் பிடித்து வையுங்கள்.

4. கணக்கு: ஏன் இரண்டு மடங்கு?

இரண்டு நைட்ரஜனும் ஒன்றுபோலவே இருப்பதால் பாக் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஏறும். ஒரு பக்கம் ஏறிய மூலக்கூறின் மறுபக்கத்திலும் ஏறும். சமமாக, ஒன்றுக்கு ஒன்று போட்டால், தற்செயல் கணக்குப்படி கால் பங்கு வெறும் பைப்பரசீன், பாதி நமக்கு வேண்டியது, கால் பங்கு இரண்டு பக்கமும் மூடிய டை-பாக். அதாவது போட்ட பாக் அன்ஹைட்ரைடில் பாதிதான் உருப்படியாகும்.

பைப்பரசீனை இரண்டு மடங்கு வைத்தால் இந்தப் பாதி 75 சதவீதமாக உயரும். ஐந்து மடங்கு வைத்தால் 90. பாக் ஏறிய மூலக்கூறின் மறுபக்க நைட்ரஜன் சற்று மந்தமாவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடவும் வரலாம். பைப்பரசீன் மலிவு, பாக் அன்ஹைட்ரைடுதான் காசு. எனவே மலிவானதை மிகுதியாகப் போடுவது நியாயம். அப்படியானால் ஐந்து மடங்கே போடலாமே என்றால், மிஞ்சும் பைப்பரசீனைப் பிறகு நீங்கள்தான் பிரித்தெடுக்க வேண்டும். அந்தத் தலைவலியைப் பார்த்தவர்கள் இரண்டோ இரண்டரையோ மடங்கில் நிறுத்திக்கொள்வார்கள்.

முதல்முறைக்கு இந்த அளவு வசதி:

- பைப்பரசீன், நீரில்லாதது: 8.61 கிராம், 100 மில்லிமோல்
- பாக் அன்ஹைட்ரைடு: 10.9 கிராம், 50 மில்லிமோல்
- டைகுளோரோமீத்தேன்: கரைக்க 150 மில்லி, சொட்டாக விடும் கரைசலுக்கு 100 மில்லி

விளைச்சலைப் பாக் அன்ஹைட்ரைடை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 50 மில்லிமோலுக்கு முழு விளைச்சல் 9.31 கிராம். பைப்பரசீனை வைத்துக் கணக்கிட்டால் எல்லாமே சரியாக நடந்தாலும் ஐம்பதைத் தாண்டாது. குழு கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு முழிக்க வேண்டியிருக்கும். ஆறு, ஏழு கிராம் சுத்தமாகக் கையில் வந்தால் நல்ல விளைச்சல்.

5. வினை நாள்

திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். இது சோம்பேறித்தனத்துக்காகச் சொல்வது அல்ல: பைப்பரசீன் போன்ற அமீன்கள் டி.சி.எம்.முடனேயே மெதுவாக வினைபுரியும். ஓர் இரவு பரவாயில்லை. சனி, ஞாயிறு முழுக்கக் கலக்கிக்கொண்டே கிடந்தால் தேவையில்லாத அழுக்கு சேரும்.

பாக் அன்ஹைட்ரைடு ஏறத்தாழ 23 டிகிரியில் உருகும். ஃப்ரிட்ஜில் கட்டியாக இருக்கும், நம் ஊர் வெயிலில் திரவமாக இருக்கும். ஆகவே புட்டி திரவமாக வந்து சேர்ந்தால் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும். அவசரம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள், ஹாட் பிளேட்டில் வைக்காதீர்கள். சூடேறினால் சிதைந்து வாயு வெளிவரும். பழைய புட்டியில் உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கலாம். முகத்துக்கு நேரே பிடிக்காமல், ஹூட்டுக்குள், மெதுவாக மூடியைத் தளர்த்துங்கள்.

பைப்பரசீன் காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். வேகமாக எடை போட்டு மூடுங்கள். புட்டியின் மேல்பரப்பு கட்டி தட்டி, வெள்ளைப் பூஞ்சை மாதிரி இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுங்கள்.

500 மில்லி உருண்டைக் குடுவையில் பைப்பரசீனை டி.சி.எம்.மில் கரைத்து, ஐஸ் தொட்டியில் வைத்துக் கலக்குங்கள். பாக் அன்ஹைட்ரைடு கரைசலைச் சொட்டுப் புனலில் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டு சொட்டாக விடுங்கள். இந்த ஒரு மணி நேரத்தில் கை பரபரக்கும். அவசரப்பட்டால், சொட்டு விழும் இடத்தில் பாக் அதிகமாகி, அங்கேயே டை-பாக் உருவாகிவிடும். காந்தக் கலக்கி நன்றாகச் சுழல்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மெதுவாக விட்டும் கலக்கல் சரியில்லை என்றால் மெதுவாக விட்டதில் பயனே இல்லை.

வினையில் கரியமில வாயு வெளிவருகிறது. குடுவையை இறுக்கி மூடிவிடாதீர்கள்; வாயு வெளியேற வழி இருக்கட்டும். வந்த வாயுவில் ஒரு பகுதி மிஞ்சிய பைப்பரசீனோடு சேர்ந்து வெள்ளை உப்பாகப் படியும். தெளிவாக இருந்த கரைசல் கலங்கி வெண்மையாவதைப் பார்த்து "போச்சு" என்று நினைக்கத் தோன்றும். போகவில்லை. அப்படித்தான் ஆகும். சொட்டு விட்டு முடிந்ததும் ஐஸை எடுத்துவிட்டு, இரவு முழுக்க அறை வெப்பத்தில் கலக்கவிடுங்கள். இரவில் மின்சாரம் போய்த் திரும்பினால் கலக்கி தானாக ஓடுமா என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாடல்கள் ஓடாது.

6. டி.எல்.சி. தட்டில் ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள்

புதியவர்கள் மொத்தமாகக் குழம்பும் இடம் இது. வழக்கம்போல் தட்டை ஓட்டி 254 நானோமீட்டர் விளக்கடியில் பிடித்தால் ஒரு புள்ளியும் இருக்காது. பைப்பரசீனிலும் சரி, பாக்கிலும் சரி, அந்த ஒளியை உறிஞ்சும் வளையம் எதுவும் கிடையாது. நின்ஹைட்ரினில் நனைத்துச் சூடுகாட்டுங்கள். மூடாத நைட்ரஜன் உள்ளவை முதலில் நிறம் காட்டும். டை-பாக்கில் மூடாத நைட்ரஜனே இல்லை; தட்டு நன்றாகச் சூடாகிப் பாக் கழன்றால்தான் அது தெரியும். சில நேரம் தெரியாமலே போகும். அதனால் அயோடின் ஜாடியிலோ பெர்மாங்கனேட்டிலோ இன்னொரு தட்டையும் பாருங்கள். நின்ஹைட்ரின் தட்டை மட்டும் நம்பி "டை-பாக் இல்லை" என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள்.

ஓட்டும் திரவம், டி.சி.எம்.மில் பத்து சதவீதம் மெத்தனாலும் ஒரு துளி அம்மோனியா அல்லது டிரைஎத்தில்அமீனும். காரம் சேர்க்காவிட்டால் அமீன் சிலிக்காவில் வால் போல் இழுபடும். டை-பாக் மேலே ஓடிவிடும், நமது பொருள் நடுவில் நிற்கும், பைப்பரசீன் கிளம்பிய இடத்தை விட்டு அசையாது.

7. பிரித்தெடுத்தல்: பொருள் காணாமல் போகும் இடம்

ரசாயனம் முடிந்தது, இனி கைவேலை. விளைச்சல் இங்கேதான் கெடுகிறது. காலையில் தொடங்கினால் மதிய உணவுக்குச் சற்று தாமதமாகப் போகலாம்.

முதலில் வெள்ளைப் படிவை வடிகட்டி, கொஞ்சம் டி.சி.எம்.மால் கழுவுங்கள். வடிந்த கரைசலை ரோட்டாவில் (கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கும் சுழல் கருவி) வற்ற வையுங்கள். நீர்த்தொட்டி 35 டிகிரிக்கு மேல் தேவையில்லை. மிச்சத்தில் 100 மில்லி தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்குங்கள். டை-பாக் தண்ணீரில் கரையாது. வெள்ளைத் திடமாகப் பிரிந்து நிற்கும். வடிகட்டி ஒதுக்குங்கள். நமது பொருளும் மிஞ்சிய பைப்பரசீனும் தண்ணீரில் இருக்கின்றன.

மறுபடி படியுங்கள்: நமது பொருள் தண்ணீரில் இருக்கிறது. பாக் ஏறிய பொருள் என்றாலே கரிமக் கரைப்பானில்தான் இருக்கும் என்று பழக்கத்தில் நினைத்து, நீர் அடுக்கைக் கொட்டிவிட்டால் வினையையே கொட்டியதாகும். இந்த வினைக்கு மட்டுமல்ல, எதற்குமே, என்.எம்.ஆர். கையில் வரும்வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள். ஒவ்வொரு குடுவைக்கும் பட்டி ஒட்டி ஓரமாக வையுங்கள்.

இப்போது நீர் அடுக்கில் திடப் பொட்டாசியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள், மேலும் கரையாது என்ற நிலை வரும்வரை. சூடேறும், ஐஸில் வைத்துச் செய்யுங்கள். உப்பு நிறைந்த தண்ணீர் நமது பொருளை வெளியே தள்ளும். பிறகு ஈதரால் மூன்று முறை பிரித்தெடுங்கள். பல கட்டுரைகளில் டைஎத்தில் ஈதர் என்றுதான் போட்டிருக்கும். அது 34.6 டிகிரியில் கொதிக்கும் திரவம். மே மாதம் ஏ.சி. இல்லாத ஆய்வகத்தில் பிரிபுனலைக் குலுக்கினால் மூடி பறக்கும். மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர் 55 டிகிரியில்தான் கொதிக்கும். கிடைத்தால் அதையே எடுங்கள். எதுவானாலும் ஹாட் பிளேட், ஹீட்டிங் மேண்டில் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பக்கத்து ஹூட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

டி.சி.எம்.மாலும் இழுக்கலாம், வேகமாகவும் வரும். ஆனால் கூடவே பைப்பரசீனையும் சற்றுத் தாராளமாக இழுத்துவரும். ஈதர் அந்த விஷயத்தில் கஞ்சம், நமக்கு அது நல்லது.

சேர்த்த ஈதரைச் சோடியம் சல்பேட்டால் உலர்த்துங்கள். கால்சியம் குளோரைடு அருகில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அது அமீனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிகட்டி, ரோட்டாவில் வற்றவைத்து, வெற்றிட பம்ப்பில் போடுங்கள். முதலில் எண்ணெய் போல் இருக்கும். கண்ணாடிக் குச்சியால் சுரண்டி, ஃப்ரிட்ஜில் வைத்தால் வெள்ளைத் திடமாகும். உருகுநிலை 45-லிருந்து 50 டிகிரிக்குள், எனவே ரோட்டாவிலிருந்து சூடாக எடுத்த உடனே திடமாகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கழுவும் வேலை ஒழுங்காக நடந்திருந்தால் சிலிக்கா காலம் (column, பொருளைப் பிரிக்கச் சிலிக்கா நிரப்பிய குழாய்) போட அவசியமே இல்லை. போட்டால் கரைப்பானும் நேரமும் செலவு, பொருளிலும் கொஞ்சம் சிலிக்காவோடு போகும்.

8. என்.எம்.ஆர்.: எண்ணிக்கையைப் பாருங்கள், இடத்தை மட்டும் அல்ல

ஐந்து முதல் பத்து மில்லிகிராம் போதும். சீட்டில் மாதிரிக் குறியீடு, கரைப்பான், எதிர்பார்க்கும் அமைப்பு, எந்தப் புராஜெக்ட் கணக்கு என்று எழுதுங்கள். கணக்கு எண் இல்லாத சீட்டு தட்டிலேயே கிடக்கும். சொந்த வளாகத்துக்கும் வெளி நிறுவனத்துக்கும் கட்டணம் வெகுவாக வேறுபடும், ஆகவே புரோட்டானை மட்டும் முதலில் எடுங்கள். அது சுத்தமாக இருந்தால் கார்பன்.

டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில் மூன்று குறிகள் வரும்: 1.46 பி.பி.எம்.மில் (குறி விழும் இடத்தைச் சொல்லும் அளவு) ஒன்பது புரோட்டான், 2.8 அருகே நான்கு, 3.4 அருகே நான்கு. இதில் நுட்பமான பொறி ஒன்று உண்டு. வெறும் பைப்பரசீனின் குறியும் 2.8 அருகேதான் விழும், நமது குறிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். டை-பாக்கின் குறிகள் 1.46-லும் 3.4 அருகிலும், அவையும் அப்படியே மறைந்துகொள்ளும். படத்தைப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். பரப்பளவு விகிதம்தான் காட்டிக்கொடுக்கும். 9:4:4 வர வேண்டும். 2.8 குறி பெருத்திருந்தால் பைப்பரசீன் மிச்சம், 1.46 குறியும் 3.4 குறியும் சேர்ந்து பெருத்திருந்தால் டை-பாக். முதலாவதற்கு ஈதரில் கரைத்து, உப்பு நிறைந்த தண்ணீரால் சிறிய அளவில் ஒருமுறை கழுவுங்கள். இரண்டாவதற்கு மறுபடி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள்.

கூடவே வரும் விருந்தாளிகள்: டி.சி.எம். 5.30, டெர்ட்-பியூட்டனால் 1.28, மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர் 1.19-லும் 3.22-லும். இவை இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பம்ப்பில் போட்டால் போய்விடும். ரொம்ப நேரம் போடாதீர்கள். கார்பன் படத்தில் வளையக் கார்பன்களில் ஒன்று பரந்து மங்கலாக இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைக்க வேண்டாம். பாக்கை ஒட்டிய பிணைப்பு மெதுவாகச் சுழல்வதால் வருவது அது. மாஸ் (மூலக்கூறின் நிறையை அளக்கும் சோதனை) எடுத்தால் புரோட்டான் சேர்ந்த நிறை 187, அதிலிருந்து ஐம்பத்தாறு குறைந்து 131-ம் தெரியும்.

9. சேமிப்பும் கழிவும்

பொருளைச் சின்னச் சின்ன வயல்களில் (vial, மூடி போட்ட கண்ணாடிக் குப்பி) பிரித்து, நைட்ரஜன் ஊதி மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரே புட்டியில் வைத்துத் தினமும் திறந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மேற்பரப்பு வெளுத்துப்போகும். வயலில் பெயர், நோட்டுப் பக்க எண், தேதி, எடை. 'பாக்-பிப்' என்று மார்க்கரில் கிறுக்கிய வயலை ஆறு மாதம் கழித்து நீங்களே அடையாளம் காண மாட்டீர்கள். அசிட்டோன் பட்டால் அந்த எழுத்தும் போய்விடும், பென்சிலால் எழுதி மேலே டேப் ஒட்டுங்கள்.

டி.சி.எம். சேர்ந்த எல்லாம் ஹாலோஜன் கழிவு கேனுக்கு. ஈதர் தனிக் கேனுக்கு. இரண்டையும் கலந்தால் அகற்றும் செலவு ஏறும், ஸ்டோர்ஸில் திட்டும் கிடைக்கும். கார்பனேட் நீரைத் தனிக் கார நீர்க்கழிவாகச் சேருங்கள். அதில் அவசரமாக அமிலத்தைக் கொட்டி நடுநிலையாக்கப் பார்த்தால் நுரைத்துப் பொங்கி ஹூட் முழுக்க வழியும். பாக் அன்ஹைட்ரைடு ஒட்டிய சொட்டுப் புனலையும் கையுறையையும் கழுவுவதற்கு முன் சற்று நேரம் ஹூட்டுக்குள்ளேயே விட்டுவைத்து, மிச்சத்தை மெத்தனாலில் சிறிதளவு அமீன் சேர்த்துத் தீர்த்துவிடுங்கள். கலனை மூடாமல் வையுங்கள், இங்கேயும் வாயு வரும். பாக் அன்ஹைட்ரைடு புட்டியில் எவ்வளவு மிச்சம் என்று அன்றே ரிஜிஸ்டரில் எழுதிவிடுங்கள். அடுத்த இண்டென்ட் எப்போது போட வேண்டும் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.